தடையும் முற்றுகையும்

அன்புள்ள ஐயா,

பொருளாதாரத் தடையைப் படைபலத்தோடு சேர்த்து, பிற நாட்டை வற்புறுத்திப் பணியவைக்கும் வன் அதிகாரம் என்று தாங்கள் எழுதியதை ஏற்க இயலவில்லை. குண்டு வீசாமல், 'உன்னோடு வணிகம் வேண்டாம்' என்று விலகி நிற்பது, அந்நியத் துணி மறுப்பைப் போல அறவழிதானே?

வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்நியத் துணியை மறுத்தவர் தாம் உடுத்தியதைக் கழற்றி எரித்தார், இழப்பு அவருடையது. 1946இல், அங்குள்ள இந்தியர் மீதான பாகுபாட்டைக் கண்டித்துத் தென்னாப்பிரிக்காவோடு இந்தியா வணிகத்தை முறித்துக்கொண்டதையும் அந்த வழியில் வைக்கலாம். இன்றைய தடை வேறு. டாலரில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் அமெரிக்க வங்கிகளைத் தொட்டே செல்வதால், அமெரிக்கா தான் விலகுவதோடு நில்லாமல் மற்றவர்களையும் விலக வைக்கிறது. 2014இல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா தொடர்பாகத் தடையை மீறிய பணப் பரிமாற்றங்களுக்காக அமெரிக்காவுக்கு அபராதமாகக் கட்ட ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 890 கோடி டாலர். அதைக் கண்ட வங்கிகள், மருந்துக்குத் தடையில்லை என்று ஆணையில் எழுதியிருந்தாலும், ஈரானுக்கான மருந்துப் பணத்தைக் கையாளவே அஞ்சுகின்றன. கோட்டையை வளைத்து நிற்பதற்கு உழிஞை என்று பெயரிட்ட நம் முன்னோர், அதைப் போர்த் திணைகளுள்தான் வைத்தார்கள்.

நான் ஏற்காட்டில் இருப்பவன். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டு, வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றி வந்த நாட்களில், எங்கள் வீட்டில் அரிசி மூட்டை இருந்தது. அன்றாடக் கூலியில் அரைக் கிலோ அரிசியும் ஒரு சிறு பாட்டில் எண்ணெயும் வாங்கும் காபித் தோட்டத் தொழிலாளி அம்மா ஒருவர், சரக்குத் தீர்ந்த மளிகைக் கடையின் முன்னால் மடித்த பையோடு நின்றிருந்தார். வழியை அடைத்தால் முதலில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

ஈராக்கில் அதுவே பல ஆண்டுகள் நடந்தது. 1990 ஆகஸ்ட் 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 661ஆம் தீர்மானம் அந்நாட்டின் வணிகத்தை ஏறக்குறைய முழுமையாக அடைத்தது. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின்கூட, ஆயுதம் செய்ய உதவக்கூடும் என்ற ஐயத்தால் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் 1996 டிசம்பரில்தான் தொடங்கியது. சதாம் உசேனின் மாளிகைகளுக்கு எந்தக் குறையும் வரவில்லை. அவரை 2003இல் இறக்கியது தடையன்று, படையெடுப்பு. ஆயுத விற்பனையை மட்டும் நிறுத்தும் தடைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு நாட்டின் சோற்றையும் தண்ணீரையும் தொடுவதைத்தான் வன் அதிகாரம் என்கிறேன். ஈராக்கில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும், இத்தடைகளை எதிர்த்தே பதவி விலகினார்கள். இருவரும் பாக்தாத்தில் இருந்து பார்த்தவர்கள்.

அன்புடன்.