போர் காணாத கடற்படை அதிகாரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடல்வழிகள் குறித்த கட்டுரையில், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கடற்படையின் தலைசிறந்த அதிகாரி என்று மாத்யூ ஃபான்டெய்ன் மோரியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் கடற்போர் எதிலும் வென்றவரல்லர். உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலங்களின் பக்கம் போனவர். ரிச்மண்டில் இருந்த அவரது சிலையை 2020இல் அகற்றியும்விட்டார்கள். இந்தப் புகழ்ச்சி தகுமா?

கே.

அன்புள்ள கே.,

தகும் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் நீங்கள் சுட்டியதைக் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டது என் பிழை.

1825இல் 19 வயதில் கடற்படையில் சேர்ந்த மோரி, உலகைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸில் பயணம் செய்தவர். 1839இல் ஒஹாயோவில் குதிரை வண்டி கவிழ்ந்து கால் முறிந்ததோடு அவருடைய கப்பல் வாழ்க்கை முடிந்தது. 1842இல் வாஷிங்டனில் கடல்வரைபடங்களும் கருவிகளும் வைக்கும் கிடங்கின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே பழைய கப்பல்களின் லாக் புத்தகங்கள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. கப்பல் அன்றன்று இருந்த இடம், காற்றின் திசை, நீரோட்டத்தின் இழுப்பு எல்லாம் அவற்றில் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன. ஒரே கடற்பரப்பை வெவ்வேறு ஆண்டுகளில் கடந்த மாலுமிகளின் குறிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, எந்த மாதத்தில் எங்கே எந்தக் காற்று வீசும் என்று அவர் கணித்தார். 1847இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது.

பிரேசிலின் கிழக்கு முனையருகே நீரோட்டம் இழுத்துவிடும் என்று அஞ்சி, ரியோ டி ஜெனீரோ செல்லும் கப்பல்கள் அதுவரை ஆப்பிரிக்கப் பக்கமாக வெகுதூரம் சுற்றிப் போயின. அந்த அச்சம் வீண் என்றார் மோரி. அதை நம்பி 1848இல் பால்டிமோரிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்குக் கப்பல் 38 நாளில் ரியோவை அடைந்தது. வழக்கமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அது. அதன்பின், தாம் தந்த படிவத்தை நிரப்பித் தரும் கேப்டன்களுக்கு வரைபடத்தை இலவசமாகக் கொடுத்தார். 1853இல் அவரது முயற்சியால் பிரஸ்ஸல்ஸில் கூடிய 10 நாடுகள், கடலில் வானிலையை ஒரே முறையில் குறித்துவைக்க ஒப்புக்கொண்டன. இப்படிப்பட்டவரைத்தான் 1855இல் கடற்படையின் தகுதிக் குழு பணிக்கு உதவாதவர் பட்டியலில் சேர்த்தது. 1858இல் பதவி உயர்வோடு மீட்டுக்கொண்டார்கள்.

1861 ஏப்ரலில் அவரது சொந்த மாநிலமான வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரிந்ததும் பதவியைத் துறந்து எதிரணிக்கு மின்சாரக் கண்ணிவெடி செய்துகொடுத்தார். சொந்த மண்ணின் மீதுள்ள பற்று என்று மட்டும் இதைச் சொல்லிக் கடக்க முடியாது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, தென்மாநில அடிமைகளை அமேசான் பகுதியில் குடியேற்றும் திட்டம் அவர் மனத்தில் இருந்தது. கடலில் அத்தனை துல்லியமாகப் பார்த்த கண் மனிதரைப் பார்க்கத் தவறியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. சிலையை அகற்றியது சரியே.

அவர் பெயர் தாங்கிய கடற்படை ஆய்வுக்கப்பலுக்கும் 2023இல் கடலடி வரைபட ஆய்வாளர் மேரி தார்ப்பின் பெயரை வைத்துவிட்டார்கள். அட்லாண்டிக்கின் நடுவே கடலடி மேடு ஒன்று இருப்பதை 1850களில் தம் ஆழ வரைபடத்தில் காட்டியவர் மோரி. நூறு ஆண்டுகள் கழித்து அதே மேட்டின் உச்சியில் ஓடும் பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டறிந்தவர் தார்ப்.