அடிமை முறையை எதிர்த்தவர்களால்தான் அமெரிக்காவில் போர் மூண்டதா? – கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865), அதாவது நாட்டிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த போர் பற்றி, குறிப்பாக அடிமை முறையை எதிர்த்தவர்களுக்கும் அந்தப் போருக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

பள்ளி ஆசிரியர் ஒருவர்: சார், "தெற்கு மாநிலங்கள் மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தன, அடிமை முறை ஒரு சாக்கு" என்று சிலர் எழுதுகிறார்கள். வகுப்பில் என்ன சொல்வது?

பிரிந்து போனவர்களே எழுதி வைத்த அறிக்கைகளை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. சில நாட்களில் அதற்கான காரணங்களை வெளியிட்டது. தப்பி வரும் அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தர மறுக்கின்றன, அடிமை வைத்திருப்பதைப் பாவம் என்கின்றன, அதை எதிர்க்கும் சங்கங்களை நடத்த விடுகின்றன. இவைதான் அதில் உள்ள புகார்கள். கவனித்தீர்களா? வட மாநிலங்கள் தங்கள் சட்டசபைகளில் இயற்றிய சட்டங்களையே அவர்கள் குற்றமாகச் சொன்னார்கள். மாநில உரிமைதான் கொள்கை என்றால் அந்தப் புகாருக்கே இடமில்லை.

மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் வெளிப்படை. "எங்கள் நிலை அடிமை முறையோடு முழுவதும் பிணைந்தது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்தவர்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்ற பிறகு அதே ஸ்டீஃபன்ஸ் அரசியல் சட்டச் சர்ச்சையே காரணம் என்று புத்தகம் எழுதினார். இன்று நீங்கள் கேள்விப்படும் கதைக்கு அந்த வகை எழுத்துதான் ஊற்று.

கல்லூரி மாணவி: வட மாநிலத்து மக்கள் எல்லோரும் அடிமை முறையை எதிர்த்தார்களா அண்ணா?

இல்லைம்மா. உடனே ஒழிக்க வேண்டும் என்றவர்கள் வடக்கிலும் சிறுபான்மைதான், அதிலும் வெறுக்கப்பட்ட சிறுபான்மை. அப்படி உடனே ஒழிக்கச் சொன்ன வில்லியம் லாயிட் கேரிசன், அதற்காகவே 1831 ஜனவரி 1 அன்று பாஸ்டனில் 'லிபரேட்டர்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அதற்குச் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் வடக்கில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பர்கள். 1835இல் அதே பாஸ்டனில் ஒரு கும்பல் கேரிசனைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்தது. 1837 நவம்பரில் இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டன் ஊரில், எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாளர் தன் அச்சு இயந்திரத்தைக் காப்பாற்றப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் எதிர்ப்பாளர்கள் தங்கள் கூட்டங்களுக்கென்று கட்டிய மண்டபம் திறந்த சில நாட்களிலேயே எரிக்கப்பட்டது. இவை எல்லாம் வடக்கில் நடந்தவை. நியூயார்க் வணிகர்களும் மாசசூசெட்ஸ் நூற்பாலைக்காரர்களும் தெற்கின் பருத்தியில்தான் பிழைத்தார்கள்.

அதே மாணவி: அப்படியென்றால் அவ்வளவு சிறிய கூட்டம் எப்படி ஒரு நாட்டைப் போர் வரை கொண்டுபோனது?

நான் சொல்ல விரும்புவதே இந்தக் கேள்விக்கான பதிலைத்தான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அவர்கள் பிரசங்கம் செய்து நாட்டை மாற்றிவிடவில்லை. அவர்கள் வாயை அடைக்கத் தெற்கு எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் வடக்கில் இருந்த சாதாரண வெள்ளையரின் ஏதோ ஓர் உரிமையில் கை வைத்தது. கறுப்பர் படும் பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூடத் தங்கள் உரிமை போவதைப் பார்த்துக் கோபப்பட்டார்கள்.

தபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1835இல் அமெரிக்க அடிமை முறை எதிர்ப்புச் சங்கம் தெற்கிலுள்ள பிரமுகர்களுக்குத் துண்டறிக்கைகளையும் பத்திரிகைகளையும் கட்டுக்கட்டாக அனுப்பியது. சார்ல்ஸ்டன் நகரில் கும்பல் ஒன்று தபால் நிலையத்துக்குள் புகுந்து அவற்றைத் தூக்கி வந்து மைதானத்தில் போட்டுக் கொளுத்தியது. மத்திய அரசின் தபால் துறைத் தலைவர் குற்றவாளிகளைத் தண்டிக்காதது மட்டுமில்லை, உள்ளூர் அதிகாரிகள் அத்தகைய தபாலை நிறுத்தி வைப்பதையும் கண்டும் காணாமல் விட்டார். அரசு தபாலைத் தணிக்கை செய்யலாமா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது.

அடுத்தது மனு. தலைநகர் வாஷிங்டனில் அடிமை வியாபாரத்தை நிறுத்துங்கள் என்று மக்கள் பிரதிநிதிகள் சபைக்கு மனுக்கள் குவிந்தன, லட்சக்கணக்கான கையெழுத்துகளோடு. வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கியவர்களில் பெண்கள் ஏராளம். வாக்குரிமையே இல்லாத அவர்களுக்கு இருந்த ஒரே அரசியல் ஆயுதம் மனுதான். 1836இல் சபை ஒரு விதி கொண்டுவந்தது: அடிமை முறை பற்றிய மனு எதுவாக இருந்தாலும் விவாதிக்காமலே ஓரம் கட்டிவிட வேண்டும். மனுக் கொடுக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது! முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது சாதாரண உறுப்பினராகச் சபையில் இருந்தார். அவர் கேரிசனின் ஆளில்லை. ஆனாலும் எட்டு ஆண்டுகள் அந்த விதியோடு மல்லுக்கட்டி, 1844இல் ரத்து செய்ய வைத்தார். அதற்குள் 'அடிமை முதலாளிகள் வாஷிங்டனை ஆள்கிறார்கள்' என்ற எண்ணம் வட மாநிலங்களில் வேரூன்றிவிட்டது.

சின்னக் கூட்டம்தானே, தெற்கு அவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாமே?

இரண்டு விஷயங்கள் விடவில்லை. ஒன்று பணம். 1793இல் விதை பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு பருத்தி தெற்கெங்கும் பரவியது. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அந்த மனிதர்களுக்குப் போடப்பட்டிருந்த சந்தை விலை நாட்டின் ரயில்வேக்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்த மதிப்பைவிட அதிகம். மனிதரைச் சொத்தாக எழுதி வைத்திருந்தவர்கள் அதைப் பற்றிய பேச்சைக்கூடத் திருட்டாகத்தான் பார்த்தார்கள்.

இன்னொன்று பயம். 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்ற அடிமை தலைமையில் கிளர்ச்சி வெடித்து 50க்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குக் கொல்லப்பட்ட கறுப்பர்களில் கிளர்ச்சிக்கே தொடர்பில்லாதவர்கள் பலர். 'லிபரேட்டர்' தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. டர்னர் அதைப் படித்தார் என்பதற்கு ஆதாரமில்லை, ஆனாலும் பழி கேரிசன்மேல் விழுந்தது.

தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொன்ன 1850 சட்டம் பற்றி விரிவாகச் சொல்லுங்கள் ஐயா. அதுதான் திருப்புமுனை என்று படித்தேன்.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இங்கே முதலில் பேச வேண்டியது தப்பி ஓடியவர்களைப் பற்றி. பின்னாளில் எதிர்ப்பாளர்களின் பெரிய பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் 1838இல் பால்டிமோரிலிருந்து தப்பினார். 1849இல் மேரிலாந்திலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன் திரும்பத் திரும்ப அங்கே போய் ஏறத்தாழ 70 பேரை அழைத்து வந்தார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இருட்டில் நடந்தே வந்தார்கள். அவர்கள் வந்து நின்றிருக்காவிட்டால் வடக்கத்தியருக்கு அடிமை முறை எங்கோ தூரத்துச் சமாச்சாரமாகவே இருந்திருக்கும்.

அவர்களைத் திரும்பப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையர், 'இவர் அடிமைதான்' என்று அனுப்பி வைத்தால் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். பக்கத்தில் நிற்கிற எவரையும் 'வா, பிடிக்க உதவி செய்' என்று கூப்பிடலாம். தப்பியவருக்கு அடைக்கலம் கொடுத்தால் 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

1854 மே மாதம் பாஸ்டனில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞர் பிடிபட்டார். மீட்க வந்த கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது, ஒரு காவலர் இறந்தார். ஜூன் 2 அன்று ஆயுதம் தாங்கிய படையினர் இருபுறமும் நிற்க, ஒரே ஒரு மனிதரைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்க வரவில்லை, கூவிக் கண்டிக்க வந்தார்கள். ஏமஸ் லாரன்ஸ் என்ற ஆலை முதலாளி எழுதினார்: சமரசத்தை விரும்பும் பழமைவாதிகளாகப் படுக்கப் போனோம், வெறிபிடித்த அடிமை முறை எதிர்ப்பாளர்களாக எழுந்தோம் என்று. பருத்தித் துணி வியாபாரத்தில் இருந்தவரின் வாய்மொழி இது. இருபது ஆண்டு பிரசங்கத்தால் ஆகாதது அந்த ஒரு வாரத்தில் ஆயிற்று.

இதன் பிறகு பல வட மாநிலங்கள் அந்தச் சட்டத்தை முடக்கும் சட்டங்களை இயற்றின. விஸ்கான்சின் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றே தீர்ப்பளித்தது. முதல் பதிலில் தென் கரோலினாவின் புகார்களைச் சொன்னேனே, அவை குறி வைத்தது இந்தச் சட்டங்களைத்தான்.

'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய அம்மையாரிடம் "இந்தப் பெரிய போரை உண்டாக்கிய சின்னப் பெண்மணி நீங்கள்தானா" என்று லிங்கன் கேட்டாராமே?

கேட்டார் என்பதற்கு அந்தக் காலத்துப் பதிவு எதுவும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அச்சில் வந்தது. ஆனால் அடிமைகளின் துயரத்தைச் சொல்லி 1852இல் வந்த அந்த நாவல் முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றது உண்மை. எழுதியவரைத் தூண்டியதும் 1850 சட்டம்தான்.

கான்சாஸ் பிரச்சினை என்ன?

1820இல் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள்: மிசௌரியைத் தவிர, ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு வடக்கே உள்ள மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறை கூடாது என்று. 1854இல் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் அதை ரத்து செய்து, குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. இரு தரப்பும் துப்பாக்கியோடு கான்சாஸுக்குப் போயின. இதை எதிர்க்கப் பிறந்ததுதான் குடியரசுக் கட்சி. 1856 மே மாதம் செனட் சபைக்குள்ளேயே, கான்சாஸில் அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரைத் தென் கரோலினா உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் ரத்தம் கொட்ட அடித்தார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. புரூக்ஸுக்குத் தெற்கிலிருந்து புதிய கைத்தடிகள் பரிசாக வந்தன.

ஜான் பிரவுன் தியாகியா, பயங்கரவாதியா?

ஆயுதத்தால் அடிமை முறையை ஒழிக்கக் கிளம்பிய வெள்ளையர் அவர். கான்சாஸில் 1856இல் அடிமை முறையை ஆதரித்த தரப்பைச் சேர்ந்த ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்து வந்து வெட்டிக் கொன்றது அவருடைய ஆட்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1859 அக்டோபரில் 21 பேரோடு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊரிலிருந்த மத்திய அரசின் ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். அடிமைகள் எழுந்து வருவார்கள் என்று நம்பினார், நடக்கவில்லை. முன்பே அவர் கூப்பிட்டும் ஃபிரெடரிக் டக்ளஸ் 'இது பொறி' என்று சொல்லி வர மறுத்திருந்தார். டிசம்பர் 2 அன்று தூக்கு.

போருக்கு இட்டுச் சென்றது அந்தத் தாக்குதலைவிட அவருடைய சாவுதான். வடக்கில் பல ஊர்களில் தேவாலய மணி அடித்தார்கள். அவருக்குப் பணம் கொடுத்தவர்களில் பாஸ்டன் பிரமுகர்கள் இருந்தது வெளியே வந்தது. தெற்கில் சாதாரண வெள்ளையரும், 'வடக்கு முழுவதும் இப்படித்தான்' என்று நம்பி ஊர்க்காவல் படைகளைத் திரட்டினார்கள். அந்தப் படைகள் 1861இல் தயாராக இருந்தன.

லிங்கன் அடிமை முறையை ஒழிப்பேன் என்று சொல்லவே இல்லையே, பிறகு ஏன் பிரிந்தார்கள்?

உண்மை, அவர் சொன்னது புதிய பிரதேசங்களுக்குப் பரவ விடமாட்டேன் என்பதுதான். 1861 மார்ச்சில் பதவியேற்றபோதும் இருக்கும் இடத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். ஆனால் தெற்கின் கணக்கு வேறு. 1860 அதிபர் தேர்தலில் பத்துத் தென் மாநிலங்களில் ஒரு வாக்குச் சீட்டில்கூட அவர் பெயர் இல்லை, நாடு முழுவதும் அவர் பெற்றது 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அப்படியிருந்தும் வென்றுவிட்டார். இனி தெற்கின் தயவு இல்லாமலே அதிபராகலாம். தெற்கின் தபால் அதிகாரிகளை இனி அவர்தான் நியமிப்பார். 1835இல் எரித்த தபால் இனி வீட்டு வாசலுக்கே வரும், அடிமை இல்லாத ஏழை வெள்ளையர் அதைப் படிப்பார்கள், ஒரு கட்சி முளைக்கும். அந்தப் பயம் அற்பமானதில்லை. தென் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு வெள்ளைக் குடும்பங்களிடம் அடிமைகள் இல்லை.

பிரிட்டன் போல முதலாளிகளுக்கு இழப்பீடு கொடுத்து முடித்திருக்கலாமே?

பிரிட்டன் 1833இல் சட்டம் செய்து முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு கொடுத்தது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அமெரிக்காவில் முதலாளிகள் விற்கத் தயாராகவே இல்லை. போருக்கு நடுவில், 1862இல், தெற்கோடு சேராத டெலவேர் மாநிலத்துக்கு லிங்கன் இழப்பீடு தருவதாகச் சொன்னார். அங்கே 2000க்கும் குறைவான அடிமைகள்தான். அவர்களே ஏற்கவில்லை.

நம் பக்கத்தில் இந்தப் போரின் தாக்கம் ஏதாவது உண்டா?

உண்டு. வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்ததால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பருத்திக்குத் தவித்து இந்தியாவின் பக்கம் திரும்பின. விலை எகிறியது. பம்பாயில் பணம் புரண்டு, 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. திருநெல்வேலிப் பருத்திக்கும் அந்த ஆண்டுகளில் நல்ல கிராக்கி.

அடிமைகளை விடுவித்தது லிங்கனா, எதிர்ப்பாளர்களா?

தாங்களே விடுவித்துக்கொண்டவர்களை மறந்துவிடாதீர்கள். 1861 மே மாதம், போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, மூன்று அடிமைகள் படகில் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைக்கு வந்து வடக்கின் படையிடம் அடைக்கலம் கேட்டார்கள். அவர்களைத் தெற்கின் ராணுவம் அரண் கட்ட வைத்திருந்தது. தளபதி பட்லர் திருப்பித் தர மறுத்தார். செய்தி பரவி, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இத்தனை பேரை என்ன செய்வது என்று வாஷிங்டன் முடிவெடுத்தே ஆக வேண்டிய நிலை. பிரிந்த மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் அறிவித்த 1863 ஜனவரி 1 பிரகடனத்துக்கு அவர்கள்தான் வழி திறந்தார்கள். அப்புறம் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பர்கள் வடக்கின் ராணுவத்தில் சேர்ந்து போரிட்டார்கள்.

போர் முடிந்ததும் கேரிசனும் ஃபிரெடரிக் டக்ளஸும் என்ன செய்தார்கள்?

முட்டிக்கொண்டார்கள். 1865 மே மாதமே, வேலை முடிந்தது, அடிமை முறை எதிர்ப்புச் சங்கத்தைக் கலைக்கலாம் என்றார் கேரிசன். டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் சட்டமானதும் 'லிபரேட்டர்' கடைசி இதழை அச்சிட்டு முடித்துக்கொண்டார், 35 ஆண்டுகளுக்குப் பிறகு. கறுப்பர் கையில் வாக்குச் சீட்டு வரும்வரை அடிமை முறை ஒழியவில்லை என்றார் டக்ளஸ். சங்கத்தில் பெரும்பான்மை டக்ளஸ் பக்கம் நின்றது. வாக்குரிமையில் நிறத்தைப் பார்க்கக் கூடாது என்ற பதினைந்தாவது திருத்தம் 1870இல் நிறைவேறிய பிறகுதான் சங்கம் கலைந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த வாக்குரிமையையும் தென் மாநிலங்கள் பிடுங்கிக்கொண்டன. அது திரும்பக் கிடைக்க 1965 வரை ஆனது.