பூஜையறையில் உட்கார்ந்தால் போன் அடிக்கிறது

கேள்வி: பிரதோஷத்தன்று நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது என் கை தானாக செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறது. இது பாவமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பாவமெல்லாம் இல்லைம்மா. பின்னால் நிற்கிற பாட்டிக்கு நந்தி தெரிகிறதா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. பெரிய ஆஸ்பத்திரி பக்கம் 12 அறை உள்ள லாட்ஜ் நடத்துகிறேன். காலையில் பூஜையறையில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. போன் அடிக்கும், தண்ணீர் லாரிக்காரர் வருவார், ரூம் பையன் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பான். கண்ணை மூடினால் சாமி முகம் வருவதில்லை, கரண்ட் பில்தான் வருகிறது. போன மாதம் அம்மாவின் ஆபரேஷனுக்காக மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த ஒரு பையன் 11 நாள் தங்கினான். கூட்ட நேரம் என்பதால் 700 ரூபாய் அறைக்கு 1,000 வாங்கினோம், இங்கே எல்லோரும் செய்வதுதான். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அதிலிருந்து மனம் இன்னும் அதிகமாக அலைகிறது. நான் தெரிந்து ஒரு பாவமும் செய்ததில்லை. வேண்டுமானால் அந்த 3,300 ரூபாயை உண்டியலில் போட்டுவிடுகிறேன். மனதை ஒருமுகப்படுத்த வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், இங்கே சுருக்கியிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் போனும் தண்ணீர் லாரியும்தான். மால்டா பையன் வருவது ஐந்தே வரி, ஆனால் அந்த ஐந்து வரியில்தான் கையெழுத்து மாறுகிறது, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். 'இங்கே எல்லோரும் செய்வதுதான்' என்று யாரும் கேட்காமலே எழுதுகிறீர்களே, அப்படியானால் உள்ளே யாரோ கேட்டுவிட்டார்கள்.

போன் தொந்தரவு என்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த நேரத்தில் அது அடிப்பது உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்று படுகிறது. கோபிக்காதீர்கள், என் கதையும் இதேதான். அப்பா போனபிறகு நிலத்தை விற்றேன், அக்காவிடம் விலையைக் குறைத்துச் சொன்னேன். அப்புறம் இரண்டு வருடம், விளக்கேற்றி உட்கார்ந்தாலே மோட்டாரை நிறுத்தினேனா என்று சந்தேகம் வந்துவிடும், எழுந்துபோய்ப் பார்ப்பேன், நிறுத்தித்தான் இருக்கும். ஒருநாள் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. மோட்டார் ஞாபகம் அதோடு குறைந்துபோனது.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. அந்தக் கோயில் விஷயம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு நான் சிறுவனாகப் போனபோது கல்யாண மண்டபத்து யாளிகளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம், கருவறை காலி. ஒரு காலத்தில் அந்த இடத்தை ஆயுதக் கிடங்காகக்கூட வைத்திருந்தார்கள். லிங்கம் எங்கே இருந்தது என்கிறீர்கள்? காசியிலா? இதோ பக்கத்தில், சத்துவாச்சாரியில். 1981 மார்ச்சில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். யாராவது துணிந்து போய் எடுத்துவர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் சாமி ரொம்ப தூரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உண்டியல் வேண்டாம். கோயிலுக்கு நீங்கள் பாக்கி வைக்கவில்லை. உங்கள் லாட்ஜ் ரிஜிஸ்டரில் அந்தப் பையனின் போன் நம்பர் இருக்கும், ஆதார் நகலைக்கூட வாங்கி வைத்திருப்பீர்கள். 3,300 ரூபாயை ஜிபேயில் அனுப்புங்கள். 'கணக்கில் தவறு நடந்துவிட்டது' என்று மட்டும் சொல்லாதீர்கள், கூடுதலாக வாங்கினேன் என்றே சொல்லுங்கள். ரூம் பையனுக்கு இந்தி நன்றாக வருமே என்று அவனிடம் போனைக் கொடுத்துவிடாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தி போதும், நீங்களே பேசுங்கள். அப்படியே, அவன் அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.