லாக்கெட் கிடைத்ததாகச் சொல்பவரை நம்பலாமா?

ரயிலில் அம்மாவின் லாக்கெட்டைத் தொலைத்து, படத்தோடு பதிவு போட்டதும் ஒருவர் "என்னிடம்தான் இருக்கிறது, முதலில் கொரியர் செலவை அனுப்புங்கள்" என்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். பொருளைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு காசு கூட வேண்டாம்.

பதிவில் போட்ட அந்தப் படத்தை உடனே நீக்கிவிடுங்கள். முன்பக்கம் இப்போது ஊருக்கே தெரியும். ஆனால் உள்ளே யார் படம், பின்புறம் எங்கே கீறல், கொக்கி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை அவரிடம் கேளுங்கள், நீங்களாக வாய்விடாதீர்கள். இன்றைய தேதியைத் தாளில் எழுதி, பக்கத்தில் லாக்கெட்டைத் திறந்துவைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகவே எடுத்தவருக்கு இது ஒரு வேலையே இல்லை. "நீங்கள் நிஜ ஆள்தானா என்று பார்க்க ஒரு எண் வரும், சொல்லுங்கள்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கணக்கைப் பிடுங்கப் பார்க்கும் ஓடிபி.

எல்லாம் பொருந்தினால் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணைக்கு ஒருவரோடு போய் வாங்குங்கள். காவல் நிலைய வாசல் என்றால் இன்னும் நல்லது. அன்பளிப்பு கொடுக்கத் தோன்றினால் கைக்கு வந்த பிறகு தாராளமாகக் கொடுங்கள்.

அப்புறம், ரயில் நிலையத்தில் எழுதிக் கொடுத்தீர்களா? பையின் உள்துணி கிழிந்திருக்கிறதா என்றும் விரலை விட்டுத் துழாவிப் பாருங்கள். மெல்லிய சங்கிலி அங்கே நழுவிவிடும்.