ஜனவரியில் விற்கத் தோன்றும் கார்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு ரவுன்ஹவுஸில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முதல் 31,000 டொலர் கொடுத்து 2019 ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற திறந்த கூரைக் கார் ஒன்று வாங்கினேன். சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை. இப்போது ஜனவரி. அது கராஜுக்குள் நிற்கிறது. நாங்கள் தினமும் ஓடும் ராவ்4 வெளியே பனிக்குள் நிற்கிறது. காலையில் அதன் கண்ணாடியைச் சுரண்டும்போதெல்லாம் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எம்எக்ஸ்-5ஐப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுவேன். போன கிழமை பற்றரியும் செத்துவிட்டது. காப்புறுதி மட்டும் வருடத்துக்கு 1,900 டொலர். போன கோடையில் ஓடியதோ 2,900 கிலோமீற்றர். காரைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது. விற்றுவிடட்டுமா?

பதில்: விற்பதா இல்லையா என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ரவுன்ஹவுஸ் கராஜ் வீட்டோடு ஒட்டியது. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் காபன் மொனொக்சைட் உள் கதவின் இடுக்கால் வீட்டுக்குள் போகும். இது ஒன்றே போதுமான காரணம்.

காருக்கும் அதனால் நன்மை இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும்போது அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினைப் பத்து நிமிடம் மட்டும் ஓட விட்டால் சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஒயிலுக்குள்ளும் தங்கிவிடும். குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சின் வழக்கத்தைவிட அதிகம் பெற்றோல் குடிக்கும். அதில் எரியாத பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். ஒயில் நன்றாகச் சூடேறி இவற்றை ஆவியாக்க, தெருவில் அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். ஆக நீங்கள் கிழமைக்கு ஒருமுறை செய்தது காரைப் பேணுவது அல்ல, சிறுகச் சிறுக ஈரமாக்குவது.

பற்றரி செத்த கணக்கும் எளிது. நிறுத்தி வைத்த காரிலும் அலாரம், பூட்டு, கணினி என்று ஏறக்குறைய 30 மில்லிஅம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-மணி. 45 அம்பியர்-மணி பற்றரி என்றால் ஒரு மாதத்தில் பாதி காலி. அதற்கு மேல் ஞாயிறுதோறும் ஸ்டார்ட்டர் இழுத்ததைப் பத்து நிமிட ஓட்டம் திருப்பித் தராது, ஏனென்றால் குளிர்ந்த பற்றரி சார்ஜை மெதுவாகத்தான் ஏற்கும். முற்றாக இறங்கிய பற்றரி மறை 7 பாகை (-7°C) அளவிலேயே உறையத் தொடங்கும்; நிறைந்த பற்றரி மறை 50 பாகையிலும் உறையாது. பெட்டியின் பக்கங்கள் வீங்கியிருந்தால் அது உறைந்த பற்றரி. அதற்கு ஒருபோதும் சார்ஜர் போடாதீர்கள், வெடிக்கக்கூடும். வீங்கவில்லை என்றால் 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பிறகு பொசிட்டிவ்வைக் கழற்றுங்கள். பற்றரியைக் காற்றோட்டமுள்ள, சூடான இடத்தில் ஒரு நாள் வைத்து முழுதாகச் சார்ஜ் செய்து, பன்னிரண்டு மணித்தியாலம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.4க்குக் கீழே நின்றால் புதிது வாங்குங்கள். எதுவானாலும் தானாகவே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் பற்றரி மெயின்டெய்னர் ஒன்றை வாங்கி வசந்தம் வரை மாட்டியே விடுங்கள். வருடாவருடம் பற்றரி மாற்றுவதைவிட அது மலிவு.

இனி உங்கள் அலுப்பு. கடிதத்தில் எங்கள் கண்ணில் பட்டது 1,900 டொலர் அல்ல, 2,900 கிலோமீற்றர். ஒன்ராறியோவில் மே தொடங்கி ஒக்ரோபர் முடியும் வரை 26 கிழமைகள். கிழமைக்கு 111 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறீர்கள். அது வேலைக்குப் போய்வரும் தூரம், அல்லது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சவாரி. அதாவது உங்கள் ஆர்வம் ஜனவரியில் போகவில்லை, ஜூலையிலேயே தளரத் தொடங்கிவிட்டது. குளிர் அதை வெளியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பனியில் ஓட முடியாத ஏக்கம் வேறு, ஓட முடிந்த காலத்திலும் ஓடவில்லை என்ற உறுத்தல் வேறு. முன்னது ஏப்ரலில் தானாகப் போய்விடும். பின்னது போகாது.

ஏன் ஓடவில்லை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு இருக்கைக் கார் என்பதால் குடும்பத்தோடு போகும் பயணம் எல்லாம் ராவ்4க்குப் போயிருக்கும். கடைத்தரிப்பிடத்தில் யாராவது கதவால் இடித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கலாம். 401 நெடுஞ்சாலை நெரிசலுக்குள் கிளச்சை மிதித்து மிதித்து முழங்கால் நொந்திருக்கலாம். இந்தக் காரை நகரத்துக்குள் ஓடிப் பார்த்துவிட்டு ‘இதில் அப்படி என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் அதிகம், கேள்வியிலும் நியாயம் உண்டு. எம்எக்ஸ்-5 வேகத்துக்காகச் செய்த கார் அல்ல, வளைவுக்காகச் செய்த கார். ஸ்காபரோவின் தெருக்களோ அடிமட்டம் வைத்துக் கோடு கீறியவை. கலிடனில் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் வீதியின் கொண்டைஊசி வளைவு, பக்ஹோர்னிலிருந்து குடர்ஹம் போகும் 507 ஆம் இலக்க வீதி, இரண்டுக்கும் இதுவரை போகவில்லை என்றால் காரை நீங்கள் இன்னும் முழுதாக ஓடிப்பார்க்கவே இல்லை. 507க்கு ஒருமுறை போய்வந்தாலே உங்கள் இரண்டு மூன்று கிழமைக் கணக்கு ஒரே நாளில் ஏறிவிடும்.

பணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். காப்புறுதி 1,900. ஒயில், சிறு திருத்தங்கள், ரயர் தேய்மானம் என்று 450 வைப்போம். வருடத்துக்கு 2,000 பெறுமதி குறைகிறது என்றால் மொத்தம் 4,350 டொலர். அதை 2,900ஆல் பிரித்தால், பெற்றோல் சேர்க்காமலே கிலோமீற்றருக்கு 1 டொலர் 50 சதம். இதே கார் 6,000 கிலோமீற்றர் ஓடினால் 73 சதம். கூடுதல் ஓட்டத்தால் இறங்கும் பெறுமதியையும் சேர்த்தால் 80 சதம் என்று வையுங்கள். மாதத் தவணை இன்னும் போகிறதென்றால் வட்டியையும் கூட்டுங்கள். நீங்கள் ஏற்கக்கூடிய தொகை எது என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் ‘கார் செலவு’ என்று மொத்தமாக எரிச்சல்படுவதைவிட ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று தெரிந்தால் மனைவியோடு கதைப்பதும் சுலபம்.

காப்புறுதியில் குறைக்க ஒரு வழி உண்டு. ஒன்ராறியோவில் ஓ.பி.சி.எஃப். 16 என்ற காப்புறுதி இணைப்புப் படிவத்தின் மூலம், நிறுத்தி வைத்த காருக்கு விபத்துப் பொறுப்பு, மோதல் முதலிய பாதுகாப்புகளை இடைநிறுத்தி, தீ, திருட்டு போன்றவற்றுக்கான பாதுகாப்பை மட்டும் வைத்திருக்கலாம். மீண்டும் தெருவில் இறக்க முன் ஓ.பி.சி.எஃப். 17ஆல் பழையபடி மாற்ற வேண்டும். இடையில் ஒரு வெயில் நாளைக் கண்டு ‘சும்மா ஒரு ரவுண்ட்’ என்று வெளியே எடுத்தால் அது காப்புறுதி இல்லாத ஓட்டம். முதல் தடவைக்கே தண்டம் 5,000 டொலரிலிருந்து தொடங்கும். காரில் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் இதற்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். இரண்டு வாகனத்துக்கான விலைக்கழிவு இதனால் குறையுமா என்றும் முகவரிடம் கேளுங்கள். இந்த வருடத்தில் இன்னும் மிச்சமுள்ள குளிர்காலத்துக்குச் சேமிப்பு பெரிதாக வராது. நவம்பரிலேயே செய்தால்தான் பலன்.

கராஜ் சண்டையில் நாங்கள் உங்கள் மனைவி பக்கம். தினமும் ஓடும் வாகனம் பனிக்குள் நிற்க, ஓடாத வாகனம் கூரைக்குள் நிற்பது எந்த வீட்டிலும் நெடுநாள் தாங்காது. அடுத்த நவம்பரில் நகருக்கு வெளியே களஞ்சியமொன்றில் இடம் வாடகைக்கு எடுங்கள். போய்ப் பார்க்கும்போது கூரையைவிடத் தரையையும் எலிப் புழுக்கையையும் பாருங்கள். சீமெந்துத் தரையிலிருந்து ஈரம் ஏறும். கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று போட வேண்டும். காரின் மேலே காற்றுப் போகும் துணி உறை மட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தைப் பூட்டி வைத்துவிடும். எலி, காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் கூடு கட்டி, வயர்களின் உறையைக் கடிக்கும். சைலன்சர் வாயிலும் காற்று உள்ளே போகும் குழாயிலும் இரும்புக் கம்பளி அடையுங்கள். அடைத்தது எங்கே என்று எழுதிய சீட்டை ஸ்டியரிங்கில் கட்டாமல் விட்டால் வசந்தத்தில் மறந்துபோய் ஸ்டார்ட் செய்வீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. ஹாண்ட் பிரேக் இழுத்திருந்தால் இறக்குங்கள், இல்லையேல் பிரேக் பாட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதலாம் கியரில் விட்டு சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ரயரின் காற்றழுத்தம் 29 பி.எஸ்.ஐ. என்று கதவோரம் எழுதியிருக்கும். நிறுத்தி வைக்கும் காலத்துக்கு 40 வரை ஏற்றுங்கள், ஒரே இடத்தில் நின்று தட்டையாவது குறையும். கோடை ரயர் என்றால் கடும் குளிரில் காரைத் தள்ளி நகர்த்தவும் வேண்டாம். மறை 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பரில் கீறல் விழக்கூடும். சூடேறி, ஒரு நாள் முழுக்க 5 பாகைக்கு மேல் நின்ற பிறகே அசைக்கலாம். துணிக் கூரையை மடித்து வைக்காதீர்கள், மூடியே வையுங்கள்.

பெற்றோல் தாங்கி அரைகுறையாக இருந்தால், இந்த வருடத்துக்கு அதை விடுங்கள். அடுத்த முறை கடைசிச் சவாரியில் பெற்றோல் நிலையத்திலேயே எரிபொருள் பாதுகாப்புத் திரவத்தை ஊற்றி, தாங்கியை நிரப்பி, அங்கிருந்து நிறுத்தும் இடம் வரை ஓடுங்கள். கலவை இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். 10 லீற்றருக்கு 30 மில்லிலீற்றர் என்பது வழக்கமான அளவு, உங்கள் 45 லீற்றர் தாங்கிக்கு ஏறக்குறைய 140 மில்லிலீற்றர். ஒயிலையும் காரை நிறுத்தி வைப்பதற்கு முன்தான் மாற்ற வேண்டும், பிறகல்ல. பழைய ஒயிலில் சேர்ந்த அமிலம் ஐந்து மாதம் பேரிங்குகளில் இருந்து அவற்றை அரிக்கக்கூடும்.

‘அப்படியானால் வின்ரரிலும் ஓடினால் என்ன’ என்று கேட்பீர்கள். ஓடலாம். பின் சில்லு இழுக்கும் கார் என்றாலும் நல்ல வின்ரர் ரயர் போட்டால் ரொறன்ரோவின் பெரும்பாலான நாட்களைச் சமாளிக்கும், பனி படிந்த வெற்று மைதானத்தில் சிரிக்கவும் வைக்கும். பிரெம்போ என்ற பெரிய வகைப் பிரேக் இல்லாத கார் என்றால் 195/50 அளவில் 16 அங்குல ரயர் பொருந்தும். ஆனால் பனியை உருக்க வீதியில் போடும் உப்பு இருக்கிறதே, அதற்கு இரக்கம் கிடையாது. வருடாவருடம் அடியில் துருத்தடுப்பு ஒயில் அடிக்க வேண்டும், அதுவும் முழுக் காவல் அல்ல. பத்து வருடம் வைத்திருக்க எண்ணம் என்றால் வேண்டாம். இரண்டு வருடத்தில் கைமாற்றுவதாக இருந்தாலும் வேண்டாம், வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அடிப்பாகத்தைத்தான்.

கை அரித்தால் வீட்டுக்குள் ஐரேசிங் என்ற கணினிக் கார்ப் பந்தய விளையாட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் புதியவர்களுக்குக் கொடுக்கும் பந்தயக் கார்களில் எம்எக்ஸ்-5உம் ஒன்று. ஐஸ் போதுமாக உறையும் வருடங்களில் மின்டன் ஊரில் பனித்தடப் பந்தயம் நடக்கும், பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

இனி விற்பனை. இப்போது விற்காதீர்கள். திறந்த கூரைக் காரை ஜனவரியில் தேடுபவர்கள் பேரம் தேடுபவர்கள். அடுத்த ஏப்ரலில் இலாபம் பார்க்கப் போகிற வியாபாரிக்கு உங்கள் அலுப்பு நல்ல செய்தி. உப்பைக் கழுவ இரண்டு மூன்று நல்ல மழை பெய்த பின், ஏப்ரல் நடுவில் காரை எடுங்கள். எலிக் கூட்டைப் பாருங்கள், ரயரை 29க்கு இறக்குங்கள், பிரேக் தட்டில் படிந்த துரு போக ஆளில்லாத தெருவில் மெதுவாகச் சில தடவை நிறுத்துங்கள். பிரேக் திரவம் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். ஓடோமீற்றரைக் குறித்து வையுங்கள்.

ஜூன் 30 வரை உங்களுக்குப் பதினொரு கிழமை இருக்கும். அதற்குள் 2,000 கிலோமீற்றர் ஓடவில்லை என்றால், ‘இன்னும் ஒரு மாதம்’ என்று இழுக்காமல் ஜூலை முதல் கிழமையில் விளம்பரம் போடுங்கள். சந்தை அப்போதும் சூடாகத்தான் இருக்கும், ஒக்ரோபரில் இருக்காது. ஒன்ராறியோவில் தனியாருக்கு விற்பவர் பாவித்த வாகனத் தகவல் கோவை எடுத்துக் கொடுப்பது கட்டாயம். பாதுகாப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்தால் பேரம் குறையும். வாங்குபவர் காரை எடுத்துப் போகும்போது இலக்கத்தகட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தகடு உரிமையாளருக்குச் சொந்தம், காருக்கு அல்ல.