சொந்தக்காரர் விசேஷங்களை ஒரு இன்ட்ரோவர்ட் எப்படிச் சமாளிப்பது?

ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாலே இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். அதனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மொய் எழுத உட்கார்ந்துவிடுவேன்.

சிரிக்காதீர்கள். நான் மதுரைப் பக்கம். இங்கே மொய் எழுத ஆள் கிடைப்பது கஷ்டம், கையெழுத்து சுமாராக இருந்தாலே மாமாக்கள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். வருகிறவர் ஊர், இனிஷியல், பேர், தொகை சொல்வார், நான் எழுதுவேன், பக்கத்தில் இருப்பவர் பணத்தை எண்ணிப் பைக்குள் போடுவார், அடுத்த ஆள். சிலர் மட்டும் "ஊரைப் போட்டியாப்பா? அதே பேர்ல இன்னொருத்தன் இருக்கான்" என்று நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள், நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் இதைப் பார்த்துத்தானே திருப்பிச் செய்யவேண்டும். ஊரே வந்து பேசிவிட்டுப் போகும், ஆனால் ஒருத்தரும் "அப்புறம், சம்பளம் எவ்வளவு?" என்று ஆரம்பிக்க முடியாது, பின்னால் வரிசை நிற்கிறது. (உசிலம்பட்டிப் பக்கம் இப்போது கம்ப்யூட்டரில் ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். என் பிழைப்பு என்னாகுமோ.)

கூட்டத்தைவிட, எங்கே போய் முடியும் என்று தெரியாத பேச்சுதான் என்னைச் சாய்க்கிறது. துக்க வீட்டில் அந்தத் தொல்லை இல்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும்.

சத்தம் தனிக் கதை. நம் மாதிரி ஆட்களின் மூளை இயல்பிலேயே கூடுதல் விழிப்பில் இருப்பதால் வெளித்தூண்டுதல் சீக்கிரம் திகட்டிவிடுகிறது என்று 1960களில் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் சொன்னார், நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டு யாருக்கு எச்சில் அதிகம் ஊறுகிறது என்றுகூடச் சோதித்தார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் விஷயம் அவ்வளவு எளிது இல்லை என்கின்றன. இருக்கட்டும், ஸ்பீக்கருக்கு எதிரே மேசை போட்டிருந்தால் தள்ளிப் போடச் சொல்லிவிடுவேன்.

ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் போவதில்லை, முகூர்த்தம் மட்டும். கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கையெழுத்து கோழி கிறுக்கல் என்றால் பந்தி பரிமாறப் போங்கள். சாம்பார் வாளியோடு நிற்பவரிடம் எப்போது கல்யாணம் என்று யாரும் கேட்பதில்லை. அப்பளம் மட்டும் கையில் எடுக்காதீர்கள், நாலு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.