மேசைப் பேச்சும் மேடைப் பாட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் நண்பரும் உணவகங்களில் கிட்டார் வாசித்துப் பாடுகிறோம். முதல் பாட்டில் அளவாக இருக்கும் சத்தம், ஒரு மணி நேரத்துக்குள் எப்படியோ ஏறிவிடுகிறது. பேச்சுச் சத்தம் கூடுவதால் நாங்கள் கூட்டுகிறோம். அவர்களும் குரலை உயர்த்துகிறார்கள். கடைசியில் உரிமையாளர் வந்து குறைக்கச் சொல்கிறார். அதே நேரத்தில், பின்வரிசையில் இருப்பவர்கள் பாட்டே கேட்கவில்லை என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். இரைச்சலுக்கு நடுவே பேசும் மனிதர் தம்மையறியாமலேயே குரலை உயர்த்துவார் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் எடுத்துச் சொன்னார். அந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உங்கள் உணவகத்தில் நடப்பதும் அதுவே. நீங்கள் ஒரு படி ஏற்றினால் நாற்பது பேர் ஒரு படி ஏறுவார்கள். இந்தப் போட்டியில் பாடகர் ஜெயித்ததாக நான் பார்த்ததில்லை. ஆகவே முதலில் இறங்க வேண்டியவர் நீங்கள்தான். பேச்சு ஓங்கும்போது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடாமல், கிட்டார் மட்டும் மெல்லிதாக ஒலிக்கும் ஒரு பாட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் சரணத்துக்குள் பக்கத்து மேசைகள் தாமாகவே தணியும். எப்போதும் தணியும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் சத்தத்தைக் கூட்டி அடங்கிய கூட்டம் எதுவுமில்லை.

அளவைத் தீர்மானிக்க எண்களைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. பரிமாறுபவர் என்ன வேண்டும் என்று கேட்கும்போது, குனிந்து காதைக் கொடுக்கிறாரா, நின்றபடியே கேட்டுக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். அந்த மேசையில் உங்கள் பாட்டு அதைவிட வெகுவாக மேலே போனால் அவர் குனியத்தான் செய்வார். அவர் நிமிர்ந்து நிற்கும் இடத்தில் ஃபேடரை நிறுத்தி, பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அன்றிரவு அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை என்று நண்பருடன் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பின்வரிசையின் குறை சத்தத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் ஸ்பீக்கர் நிற்கும் இடத்தைப் பற்றியது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். சுவர்களின் எதிரொலி இருப்பதால் அறைக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டரில் அமர்ந்தவருக்கும் எட்டு மீட்டரில் அமர்ந்தவருக்கும் கேட்பது ஒன்றல்ல. தரையில் வைத்த ஸ்பீக்கர் முன்மேசைக்காரரின் காதுக்குள் முழங்கி, அவர் உடலிலேயே பாதி அடங்கிவிடும். அதை ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே அறையின் பின்பாதியை நோக்கித் திருப்பினால் இருவருக்கும் உள்ள இடைவெளி குறையும். அறை நீளமானதென்றால், ஒரே பெரிய ஸ்பீக்கரை உரக்க ஒலிக்கவிடுவதைக் காட்டிலும், இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை வெவ்வேறு இடங்களில் மெதுவாக ஒலிக்கவிடுவதே மேல். மூலையில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, தூக்கிவிடும், பாட்டு குழம்பும்.

கேள்வி: எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர், மெதுவாக அடித்தால் பாட்டின் துடிப்பு போய்விடும் என்கிறார். அவருக்காக மற்ற எல்லாவற்றையும் கூட்ட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மைக்கே வைக்காத டிரம்ஸ்தான் சிறிய அறையின் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு ஃபேடர் கிடையாது. அதற்கு மேலே பாடகரின் குரல் கேட்க வேண்டுமென்று மைக்கை ஏற்றினால், அந்த மைக்குக்குள் சிம்பலும் நுழையும், ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து ஃபீட்பேக்கும் கூவத் தொடங்கும். மிக்ஸரில் எதைத் திருகினாலும் இதற்குத் தீர்வு வராது; சத்தம் பிறக்கும் இடத்தில்தான் குறைக்க வேண்டும். குச்சிக்குப் பதிலாகப் பிரஷ் அல்லது மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட் எடுக்கலாம். ஸ்நேர் டிரம் மேல் ஒரு துணியை விரிக்கலாம். மிகச் சிறிய இடமென்றால் முழு செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டியான கஹோன் கொண்டுபோகலாம். துடிப்பு போய்விடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. துடிப்பு காலப்பிரமாணத்தில் இருக்கிறது, தோள்பலத்தில் இல்லை. பக்கத்தில் இருவரைச் சாதாரணக் குரலில் பேசவிட்டு, அவர்கள் பேச்சு புரியும் அளவில், வேகம் தளராமல் வாசித்துப் பழகச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அவருக்குக் கை நடுங்கும். சில வாரங்களில் வந்துவிடும்.

எலெக்ட்ரிக் கிட்டார்காரருக்கும் இதில் பங்கு உண்டு. தரையிலிருக்கும் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) அவருடைய முழங்காலுக்குத்தான் பாடுகிறது. தமக்குக் கேட்கவில்லையென்று அவர் கூட்டுவதை எதிரில் உட்கார்ந்தவர் முகத்தில் வாங்கிக்கொள்கிறார். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, அவர் காதை நோக்கிச் சாய்த்து வைத்தால், குறைக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

கேள்வி: சத்தத்தைக் குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறது. இது பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஒலி தாழும்போது நம் காது மற்றவற்றைவிடத் தாழ்ந்த சுரங்களை அதிகமாக இழக்கிறது என்பதை 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். எனவே மெதுவாக வாசிக்கும் நாட்களில் பேஸைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம். காதுக்கு மிகக் கூர்மையாகப்படும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கூட்டாதீர்கள். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவதும் பெரும்பாலும் அங்கேதான். அங்கே கிட்டாரைக் கொஞ்சம் குறைத்தால் மேசைப் பேச்சும் பிழைக்கும், உங்கள் பாட்டின் வரிகளும் பிழைக்கும். மைக்கை உதட்டருகே கொண்டுவாருங்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் காட்டும் டெசிபெல் அளவை நம்பலாமா?

பதில்: அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், முன்மேசையையும் பின்மேசையையும், சென்ற வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடப் பயன்படுத்துங்கள். ஆட்கள் நிறைந்த பிறகு ஒருமுறை கட்டாயம் பாருங்கள். காலி அறையில் பளிச்சென்று ஒலித்தது, உடல்களும் உடைகளும் உறிஞ்சிக்கொள்வதால் மங்கலாகக் கேட்கும். அதற்காக மொத்தத்தையும் ஏற்றாமல் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளை, மட்டும் சிறிது கூட்டினால் போதும். உங்கள் காதுக்கும் ஒரு கணக்கு உண்டு: 85 டெசிபெலில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும், 94இல் ஒரே மணி நேரம்தான். சிம்பலுக்கு அருகில் நிற்பவர் காதடைப்பான் போட்டுக்கொண்டே பாடட்டும்.